நாசரேத்துக்குத் திரும்பி நடந்தவர்கள்

(திருக்குடும்ப விழா மறையுரை, கொக்கிளாய், 2024 மார்கழி 29)



இன்று வாசித்த நற்செய்தியில் ஒரு குடும்பம் பயணம் போகிறது. லூக்கா அதை வெகு சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறார். ஆண்டுதோறும் பாஸ்காவுக்கு எருசலேமுக்குப் போவது சூசையப்பர் வீட்டு வழக்கம். பிள்ளைக்குப் பன்னிரண்டு வயதானபோதும் போனார்கள். நாசரேத்திலிருந்து எருசலேம், இங்கிருந்து நாங்கள் மடு மாதா கோவிலுக்குப் போகிற தூரத்துக்குக் குறையாது. பஸ் இல்லை, வான் இல்லை. நாலைந்து நாள் நடை. தனியாகவும் போகவில்லை. உறவினர், அயலவர், தெரிந்தவர் என்று பெருங்கூட்டமாய்ப் போனார்கள். திரும்பும்போது பிள்ளை எருசலேமிலேயே நின்றுவிட்டான். அந்தக் கூட்டத்துக்குள்தான் எங்கேயோ வருகிறான் என்று நினைத்துக்கொண்டு தாயும் தகப்பனும் ஒரு நாள் வழி நடந்தே விட்டார்கள்.

இந்தப் பகுதிக்கு மறையுரை சொல்லும் சுவாமிமார் நாங்கள் வழக்கமாக நேரே ஆலயத்துக்குள் போய்விடுவோம். போதகர்கள் நடுவில் பிள்ளை இருந்ததையும், தாய் கேட்ட கேள்வியையும், பிள்ளை சொன்ன மறுமொழியையும் பற்றிப் பேசுவோம். நான் இன்றைக்கு வழியிலேயே நின்றுவிடப் போகிறேன். ஒரு குடும்பம் வருடா வருடம் பயமில்லாமல் நடந்து போய், நடந்தே தன் ஊருக்குத் திரும்பி வந்தது என்பது, இந்த ஊரில் நின்று வாசிக்கும்போது சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

நாற்பது ஆண்டுகளுக்கு முன் இதே மார்கழியில்தான் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணிச் சனங்கள் வீடு வாசலை விட்டு எழும்பினார்கள். 1984 இல் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளிக்கிட்ட தாய்மார் சிலர் இன்று பேரப்பிள்ளைகளோடு இந்த வாங்குகளில் இருக்கிறார்கள். அதன் பிறகு 2004 மார்கழி 26, சுனாமி. அந்தக் காலையில் கடலைப் பார்த்தபடி நின்றவர்கள் கடலுக்கு முதுகைக் காட்டி ஓடினார்கள். ஓட முடியாதவர்களுக்காக மூன்று நாளைக்கு முன்தான் மெழுகுதிரி கொளுத்தினோம். அதன் பிறகு 2009, போரின் கடைசி மாதங்கள். அதை நான் சொல்லத் தேவையில்லை. இப்படிப் பார்த்தால் எங்கள் மூன்று தலைமுறைக்கும் குடும்பமாய் நடப்பது என்றால் ஒன்றிலிருந்து தப்பி ஓடுவதுதான். எங்கேயாவது போய்ப் பார்த்துவிட்டு வருவோம் என்று பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சும்மா நடப்பது எங்களுக்குப் பழக்கமில்லை.

போர் முடிந்து ஊருக்குத் திரும்பி வந்த நேரம், வன்னியில் எத்தனையோ இடங்களில் மண்டையோடு போட்ட சிவப்புக் கண்ணிவெடிப் பலகைகள் நின்றன. "பாதையை விட்டு இறங்காதே பிள்ளை" என்று ஒவ்வொரு தாயும் சொன்னாள். சரியாகத்தான் சொன்னாள். கடற்கரைக்குப் போக வேண்டாம் என்றதும் சரிதான். 2023 ஜூனில் தண்ணீர்க்குழாய் தாழ்க்கக் கிடங்கு வெட்டிய இடத்தில், கொக்குத்தொடுவாயில், மனித எச்சங்கள் வெளியே வந்தன. அகழ்ந்து முடிக்கும்போது ஐம்பதுக்கும் மேல். அதுவும் எங்கள் பிரதான வீதியோரம். கடல், காட்டுப்பாதை, தெரு எல்லாவற்றிலும் ஒவ்வொரு பயம் உட்கார்ந்திருக்கும்போது, பிள்ளை வளவுக்குள் இருந்தால் போதும், கையில் போனை வைத்துக்கொண்டாவது கண்முன்னால் இருந்தால் போதும் என்று பெற்றார் நினைப்பதில் என்ன ஆச்சரியம்? போனைப் பற்றி ஏசுகிற மறையுரை உங்களுக்கு நிறையக் கேட்டுப் புளித்திருக்கும். நான் ஏசவில்லை. அந்தப் போன் வீட்டுக்குள் வந்த வழியைச் சொல்கிறேன்.

சாப்பாட்டுக்கும் இதே கதைதான். 2009 இல் ஒரு சிரட்டைக் கஞ்சிக்கு வரிசையில் நின்ற பிள்ளைகள் இன்று தாயாக, தகப்பனாக இருக்கிறார்கள். வைகாசி வந்தால் அந்த உப்புக் கஞ்சியைக் காய்ச்சி நினைவுகூருகிறோம். அந்தத் தகப்பன் இப்போது கடை வாசலில் நிற்கிறான். பிள்ளை சோடாவைக் காட்டி அழுகிறது. "குடுங்கோ அண்ணை, நாங்கள் பட்டது போதும், இதாவது ஆசைக்குக் குடிக்கட்டும்" என்கிறான். அதைக் கேட்டால் எனக்கு மறுத்துப் பேச வாய் வருவதில்லை. பசியை அறிந்த கைதான் பிள்ளைக்கு அள்ளி அள்ளிக் கொடுக்கும். பிஸ்கட் பக்கெற், நூடில்ஸ், ரொபி, றோல்ஸ். இல்லை என்று சொல்ல நேர்ந்தால் அந்தப் பழைய வரிசைக்கே திரும்பிப் போனதுபோல மனம் கூசுகிறது. இந்த அன்பில் பிழை பிடிக்க நான் யார்? ஆனால் அந்தப் போத்தலில் என்ன இருக்கிறது என்று சொல்லாமலும் விடமுடியாது.

2016 ஓகஸ்டிலிருந்து நம் நாட்டில் இனிப்புப் பானப் போத்தல்களில் நிற அடையாளம் போட வேண்டும் என்ற சட்டம் இருக்கிறது. போத்தலைத் திருப்பிப் பாருங்கள். சிவப்பு வட்டம் என்றால் 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி. 400 மில்லிலீற்றர் போத்தல் ஒன்றை ஒரு பிள்ளை குடித்து முடித்தால் 44 கிராமுக்கு மேல் உள்ளே போய்விடும். ஒரு தேக்கரண்டி 4 கிராம் என்று கணக்குப் போட்டால் பதினொரு கரண்டி. வளர்ந்த ஒருவருக்கே, சேர்த்துக்கொள்ளும் சீனியை ஒரு நாளைக்கு 25 கிராமளவில் வைத்துக்கொள்வது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015 இல் சொன்னது. அது சோடாவுக்கு மட்டும் சொன்னதல்ல. காலையில் ஒரு தேத்தண்ணி, பத்து மணிக்கு ஒன்று, யாரும் வந்தால் ஒன்று, பின்னேரம் ஒன்று, ஒவ்வொன்றுக்கும் இரண்டு கரண்டி: சோடாவைத் தொடாத அம்மம்மாவும் எட்டுக் கரண்டியில்தான் நிற்கிறா. அதிலும் பனங்கட்டி கடித்துக் குடித்தால் சீனி இல்லைத்தானே என்று ஒரு கதை நம்மிடம் இருக்கிறது. பனங்கட்டி நல்லதுதான், ஆனால் அதுவும் இனிப்புத்தான். கருவாட்டையும் கொஞ்சம் சொல்லவேண்டும். உப்பு ஒரு நாளைக்கு 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி மட்டம். கடற்கரை ஊரில் மத்தியானக் குழம்போடேயே அது முடிந்துவிடும். கோவிக்க வேண்டாம்.

சீனி வருத்தம் எவ்வளவு பேருக்கு இருக்கிறது? 2005, 2006 இல் இலங்கையில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. வளர்ந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவோ அதற்கு முந்திய நிலையோ இருக்கிறது என்று கண்டார்கள். நீரிழிவு உள்ளவர்களில் மூன்றில் ஒருவருக்குத் தனக்கு அது இருப்பதே தெரியாது. ஆனால் அந்த ஆய்வு ஏழு மாகாணங்களில்தான் நடந்தது. வடக்கும் கிழக்கும் அதில் இல்லை. யுத்தம். நாங்கள் அந்தக் கணக்கிலும் சேராமல் போனவர்கள். எண்ணப்படாத சனத்துக்கு வருத்தமே வராது என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

சில வீடுகளில் நான் பார்க்கிற ஒன்றைச் சொல்கிறேன். தகப்பனுக்குச் சீனி என்று கிளினிக் கொப்பியில் எழுதிவிட்டார்கள். அன்றையிலிருந்து அவருக்கு இரவில் குரக்கன் பிட்டு. மற்றவர்களுக்கு வெள்ளை மா இடியப்பமோ, நூடில்சோ. அவர் மூலையில் இருந்து கறுத்தப் பிட்டைச் சாப்பிடுகிறார். பிள்ளைகள் ரீவிக்கு முன்னால் இருந்து தங்களுடையதைச் சாப்பிடுகிறார்கள். சின்னவன் வந்து எட்டிப் பார்த்து, "அப்பாவின்ர மருந்துச் சாப்பாடு" என்கிறான். ஒரு காலத்தில் வன்னியில் ஊரெல்லாம் உண்ட குரக்கன், இப்போது வருத்தக்காரனுக்குக் கொடுக்கும் தண்டனையாய்ப் போய்விட்டது. அப்பாவும் மனம் சலித்து ஒரு மாதத்தில் அதை விட்டுவிடுகிறார். யாரைக் குறை சொல்வது? தனியே உட்கார்ந்து சாப்பிட யாருக்குத்தான் மனம் வரும்? உயிர்த்த ஆண்டவரே திபேரியாக் கடற்கரையில் நின்று, இரவெல்லாம் வலை போட்டு ஒன்றும் படாமல் வந்த சீடரிடம் முதலில் விசாரித்தது சாப்பாட்டைப் பற்றித்தான். கரியடுப்பில் மீன் வாட்டி, அப்பம் வைத்து, எல்லாரையும் ஒன்றாய்க் கூப்பிட்டார். பேதுருவின் விசாரணையைக்கூடச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் வைத்துக்கொண்டார்.

ஆகவே அம்மாமாரிடம் ஒன்று கேட்கிறேன், அப்பாமாரையும் சேர்த்து. குரக்கன் பிட்டு என்றால் எல்லாருக்கும் குரக்கன் பிட்டு. தேங்காய்ப்பூவைக் கொஞ்சம் குறைத்து, சூடை மீன் சொதியோடு, வேலியில் நிற்கிற முருங்கையில் இரண்டு கொப்பை முறித்து ஒரு வறை. வல்லாரையும் பொன்னாங்காணியும் மாரிக்குத் தானாய் முளைக்கும். இதற்கு முல்லைத்தீவுக்குப் போய் ஓட்ஸ் பக்கெற் வாங்கத் தேவையில்லை. வருத்தக்காரரின் சாப்பாட்டை வீட்டுச் சாப்பாடாக மாற்றினால் பிள்ளைக்கும் அது வாயில் பழகும். ஒரேயடியாய் எல்லாவற்றையும் மாற்ற வெளிக்கிட வேண்டாம். சோடாவை நிறுத்தினால் வீட்டில் போர் மூளும் என்றால், ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் வையுங்கள். தேத்தண்ணிக்கு இரண்டு கரண்டியை ஒன்றரையாக்குங்கள். நாக்கு கொஞ்ச நாள் முறைக்கும், பிறகு பழகிவிடும்.

இந்த வேலை முழுவதையும் அம்மாவின் தலையில் கட்டிவிடாதீர்கள். கணவன் இல்லாமல் குடும்பம் நடத்துகிற தாய்மார் இந்த மாவட்டத்தில் எத்தனை பேர் என்று உங்களுக்குத் தெரியும். கருவாடு காயப்போட்டு, கூலிக்குப் போய், பிள்ளையின் வீட்டுப்பாடம் பார்த்து வருகிறவளுக்கு இன்னொரு சட்டப்புத்தகம் தேவையில்லை. கணவன் இருக்கிற வீடுகளில் நிலைமை வேறு விதமாய்ச் சுவாரசியம். பிள்ளை சீனி தின்கிறது என்று மனைவியிடம் சத்தம் போடுகிற அப்பா, பொழுதுபட்டதும் கசிப்புப் போத்தலோடு ஒதுங்குகிறார். அந்தப் போத்தலில் நிற வட்டம் இல்லை என்பது உண்மைதான். இருந்தால் என்ன நிறமாய் இருக்கும் என்று நான் சொல்ல வேண்டுமா?

ஆண்களிடம் இன்னொன்று. படகு இயந்திரத்துக்கு ஒயில் மாற்றும் நாள் உங்களுக்கு மனப்பாடம். சத்தம் கொஞ்சம் மாறினாலே கழற்றிப் பார்த்துவிடுவீர்கள். தலை சுற்றுகிறது, இரவில் நாலைந்து தரம் எழும்புகிறேன், கால் விறைக்கிறது என்று உடம்பு போடுகிற சத்தத்துக்கு மட்டும் நாளைக்குப் பார்ப்போம் என்கிறீர்கள். 2011 இலிருந்து அரசாங்க ஆஸ்பத்திரிகளில் ஆரோக்கிய வாழ்வு நிலையங்கள் நடக்கின்றன. 35 வயது கடந்தவர் யாரும் போகலாம். எடை, பிறஷர், இரத்தத்தில் சீனி, காசில்லாமல் பார்த்துச் சொல்வார்கள். வருத்தம் வந்தபின் போகிற இடமல்ல அது. பெண்கள் போகிறார்கள். வாசலில் மோட்டார் சைக்கிளோடு நின்று மனைவியை இறக்கிவிட்டுப் போகிற ஆண்களைத்தான் எனக்கு நன்றாகத் தெரியும்.

சிலர் கேட்பீர்கள்: "சுவாமி, காணி போகுது, கரைவலைப்பாடு போகுது, முகத்துவாரத்தில் யார் தொழில் செய்வது என்று வழக்கு, நீங்கள் சீனியைப் பற்றிப் பேசுறீங்கள்." நியாயமான கேள்வி. அதற்கு என் மறுமொழி இது. 1984 க்கு முன் எந்த வேலி எங்கே நின்றது, எந்தப் பாடு யாருடைய அப்புவின் பாடு, எந்தக் கிணறு யார் வெட்டியது என்று கண்ணால் கண்டு சொல்லக்கூடியவர்கள் இன்று அறுபது, எழுபது வயதுக்காரர். உறுதி தொலைந்த இடத்தில் அவர்கள் வாய்தான் உறுதி. அவர்களில் ஒருவர் பாரிசவாதத்தில் பேச்சிழந்து படுத்தால், ஒரு காணியின் எல்லை அவரோடு படுத்துவிடுகிறது. அம்மம்மாவின் பிறஷர் குளிசையை நேரத்துக்கு எடுத்துக் கொடுக்கிற பேரப்பிள்ளை இந்த ஊருக்கு என்ன செய்கிறது என்று அதற்கே தெரியாது.

நடைக்கு வருகிறேன். இது மாரிக்காலம். வாடைக்காற்று, கடல் கொந்தளிப்பு. பல நாட்கள் வள்ளம் இறக்க முடியாது. அப்பாமார் வீட்டில் நிற்கிற காலம் இதுதான். களப்பும் இந்த மாதங்களில்தான் நிறைந்து கிடக்கிறது. கொக்கிளாய்க் களப்பு 1951 இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. வடக்கே பனி கொட்டும் நாடுகளிலிருந்து பறவைகள் கார்த்திகை, மார்கழியில் இங்கே வந்து, பங்குனியளவில் திரும்பிப் போகின்றன. பூநாரையையும் கூழைக்கடாவையும் பார்க்கக் கொழும்பிலிருந்து வாகனம் பிடித்து, கழுத்தில் கமராவோடு ஆட்கள் வருகிறார்கள். எங்கள் பிள்ளைகளுக்கோ அவை போனில் வந்தால்தான் தெரியும்.

இங்கே ஒரு தகப்பன், பெயர் வேண்டாம், அவர் சிரிப்பது தெரிகிறது, பின்னேரங்களில் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு களப்புக்கரைக்குப் போகிறார். டொக்டர் நடக்கச் சொன்னார், தனியே நடக்க வெட்கமாய் இருந்தது, அதனால் பிள்ளைகளைக் கூட்டிப் போனேன் என்றார். நல்ல வெட்கம். போகிற வழியில் மூத்தவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொள்வாள். சின்னவன் கண்டல் வேர்களுக்குள் நண்டைத் துரத்துவான். தகப்பன் தண்ணீர் நிறத்தைக் காட்டி, இந்த இடம் ஆழம், அந்த இடத்தில் இறால் கூடும், காற்று இப்படித் திரும்பினால் நாளைக்கு மழை என்று சொல்லிக்கொண்டு நடப்பார். பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லிக் கொடுக்காத பாடம் அது. திரும்பி வந்தால் பிள்ளைகளுக்கு நல்ல பசி. பிட்டை யாரும் குறை சொல்வதில்லை. தாய் சொன்னதுதான் எனக்குப் பிடித்தது: "அந்த நேரம் வீட்டில நான் ஒரு ஆள்தான் சுவாமி, கொஞ்சம் மூச்சு விடுறன்."

பாவசங்கீர்த்தனத்தில் பெற்றாரிடம், பிள்ளைகளோடு நேரத்தை வீணாக்குகிறீர்களா என்று தான் கேட்பதுண்டு என்று திருத்தந்தை பிரான்சிஸ் பல தடவை சொல்லியிருக்கிறார். வீணாக்கவில்லை என்றால்தான் அவருக்குக் கவலை. வளர்ந்தவர்களுக்கு வாரத்துக்கு 150 நிமிடம் நடை வேண்டும், பள்ளிப் பிள்ளைகளுக்கு நாளுக்கு ஒரு மணி நேரம் ஓடியாடி விளையாட வேண்டும் என்பது சுகாதாரக்காரரின் கணக்கு. இரண்டையும் பின்னேரங்களில் ஒன்றாகவே முடிக்கலாம். பொழுது சாயமுன் திரும்பிவிடுங்கள். இருட்டினால் யானை வரும், அதற்கு மறையுரை தெரியாது. கடற்கரை வேண்டாம், இன்னும் மனம் ஒப்பவில்லை என்கிற தாய்மார் களப்புப் பக்கம் போங்கள். அதுவும் முடியாதென்றால் கோவில் வளவைச் சுற்றி நடவுங்கள். பயம் ஒரு நாளில் போகாது. அதைத் துரத்தச் சொல்லி நான் யாரையும் நெருக்கவில்லை.

நற்செய்தியில் கடைசியாக ஒன்று. மூன்று நாள் தேடி, பிள்ளையைக் கண்டபின், மாதாவும் சூசையப்பரும் என்ன செய்தார்கள்? வாசித்துப் பாருங்கள். இனிமேல் எங்கும் கூட்டிப் போவதில்லை என்று லூக்கா எழுதவில்லை. மூவரும் நாசரேத்துக்கு நடந்து திரும்பினார்கள். அதே வழி, அதே தூரம், மகனைத் தொலைத்த அதே பாதை. மாதாவுக்கு அந்தப் பாதையில் எப்படி இருந்திருக்கும் என்று இந்த ஊர்த் தாய்மாரிடம்தான் கேட்க வேண்டும். அதன் பிறகு பிள்ளை ஞானத்திலும் உடல் வளர்த்தியிலும் வளர்ந்தான் என்று எழுதுகிறார். ஞானத்தோடு நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவில்லை. மனிதரான கடவுளுக்கு ஒரு உடம்பு இருந்தது, அதற்கு நாசரேத்தில் ஒரு தாய் சோறு போட்டாள், ஒரு தகப்பன் கூட நடந்தார்.

ஐந்து நாளைக்கு முன் திருத்தந்தை உரோமையில் திருக்கதவைத் திறந்து யூபிலி ஆண்டைத் தொடக்கினார். இன்றைக்கு உலகெங்கும் மறைமாவட்டங்களில் அது தொடங்குகிறது. எதிர்நோக்கின் திருப்பயணிகள் என்பது அதன் கருப்பொருள். உரோமைக்குப் போக நம்மிடம் காசில்லை. ஆடியிலோ ஆவணியிலோ மடுவுக்குப் போவோம். அதற்கு முன் கால்களைக் கொஞ்சம் பழக்க வேண்டும்.

அதனால் ஒரு அறிவித்தல். இன்று பின்னேரம் நாலு மணிக்குக் கோவில் வாசலில் கூடுகிறோம். குடும்பம் குடும்பமாய் வாருங்கள். அப்பாமார் கட்டாயம் வரவேண்டும்; வள்ளம் இறக்க முடியாது என்று எனக்குத் தெரியும், சாட்டுச் சொல்ல வேண்டாம். அம்மம்மா, அம்மப்பாமாருக்குக் கதிரை போட்டு ஓட்டோவில் கொண்டுவருவோம். களப்புக்கரையில் இருந்து, 1984 க்கு முன் அங்கே எங்கே என்ன இருந்தது என்று பிள்ளைகளுக்குச் சொல்லட்டும். சோடா இல்லை. அவித்த மரவள்ளியும் பச்சைமிளகாய்ச் சம்பலும், சீனி போடாத தேத்தண்ணியும் மாதர் சங்கத்தார் தருவார்கள். சீனி இல்லாமல் தேத்தண்ணி இறங்காது என்கிறவர்கள் வீட்டிலிருந்து ஒரு துண்டு பனங்கட்டி கொண்டு வரலாம், ஒரு துண்டுதான், நான் பார்ப்பேன். மழை வந்தால் நாளைக்கு.

இப்போது விசுவாச அறிக்கைக்காக எழும்பி நிற்போம்.